மூட்டுவாதக்காரர்களின் கண் வறட்சி: எந்த வைத்தியம் யாருக்கு?

மூட்டுவாதத்துக்கு வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர்கள் பலருக்கு ஒரு கட்டத்தில் கண் உறுத்தத் தொடங்கும். மண் விழுந்த மாதிரி இருக்கும். காலையில் எழுந்ததும் இமையைப் பிரிக்கக் கஷ்டமாக இருக்கும். நூல் நூலாகப் பீளை வரும். வெங்காயம் நறுக்கினால்கூடக் கண்ணீர் வராது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்குவார்கள், அது தீர்ந்ததும் வேறொன்று வாங்குவார்கள். மதுரைச் சித்திரை வெயிலில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து திருமங்கலம் போய் வந்தால் யாருக்கும்தான் கண் காயும் என்பதால், இதையும் வெயில், தூசி என்றே நினைத்துவிடுகிறோம்.

ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் (இந்தக் கட்டுரையில் மூட்டுவாதம் என்று சொல்வது இதைத்தான்), ஷோக்ரன், லூபஸ் போன்ற, எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் ஆட்டோஇம்யூன் நோய் உள்ளவர்களுக்கு இது வெயிலோடு போகிற சமாச்சாரம் இல்லை. கிருமியைத் தாக்க வேண்டிய அணுக்கள் கண்ணீர்ச் சுரப்பிக்குள் புகுந்து அதையே அரிக்கின்றன. ஹென்ரிக் ஷோக்ரன் என்ற சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் 1933-ல், இப்படிக் கண் வறண்ட 19 பெண்களை ஆராய்ந்து எழுதினார். அவர்களில் பலருக்கு மூட்டுவாதமும் இருந்தது. அவர் பெயரில் அழைக்கப்படும் நோய் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இன்றும் பெண்கள்தான். கண்ணீர் குறைந்தால் மிச்சமிருக்கும் கண்ணீரில் உப்பு கூடுகிறது. அந்த உப்பு கண்ணின் மேல்தோலைப் புண்ணாக்குகிறது. புண்ணான இடத்தில் அழற்சி இன்னும் ஏறுகிறது, அது சுரப்பியை மேலும் கெடுக்கிறது. இந்தச் சுழற்சியை எந்த இடத்தில் அறுப்பது என்பதில்தான் ஒவ்வொரு வைத்தியமும் வேறுபடுகிறது. சிலது கண்ணீருக்குப் பதிலாக ஒன்றை ஊற்றுகிறது, சிலது இருக்கிற கண்ணீரை வடியவிடாமல் தடுக்கிறது, சிலது அழற்சியைத் தணிக்கிறது.

எனக்கு இதில் அக்கறை வந்தது பெரியம்மாவால். அவருக்கு மூட்டுவாதம் முதலில் விரல்களில் வந்தது, பல வருஷம் கழித்துக் கண்ணில் வந்தது. கண்ணுக்கு எந்த வைத்தியம் சரிப்படும் என்பதைப் பாதிக்குமேல் தீர்மானித்தது அவருடைய விரல்கள்தான். கட்டுரை முழுக்க அந்தக் கோணத்தில்தான் எழுதுகிறேன்.

எடை போட நேரமில்லாத நிலை

வறட்சி வேறு, கருவிழி கரைவது வேறு. இரண்டும் ஒரே ஆளுக்கு வரலாம். முதலாவதில் உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கிறது. இரண்டாவதில் இல்லை.

டாக்டர்கள் கார்னியா என்று சொல்லும் கருவிழிப் படலத்தின் நடுவில் ரத்தக் குழாய் கிடையாது. வெள்ளைவிழியோடு சேரும் ஓரத்தில்தான் நுண்ணிய குழாய்கள் வந்து முடிகின்றன. மூட்டுவாதம் கட்டுக்கடங்காமல் போகும்போது நோயெதிர்ப்புப் புரதங்கள் அங்கே படிகின்றன. வெள்ளணுக்கள் குவிந்து, படலத்தைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜனைக் கரைக்கும் நொதிகளை விடுகின்றன. ஓரம் பிறை வடிவத்தில் மெலிகிறது. சில நாட்களிலேயே துளை விழுந்துவிடலாம். கடுமையான வலி, ஒரு பக்கமாக அடர்ந்த சிவப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, பார்வை சட்டென்று மங்குவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் ஆழமான கண்வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திருவிழா, கல்யாணம், அறுவடை எதற்காகவும் தள்ளிப்போடக் கூடாது.

இதற்குச் சொட்டு மருந்து மட்டும் போதாது. மூட்டுவாதக்காரருக்கு இப்படிக் கருவிழி ஓரம் கரைகிறது என்றால், உடம்பின் மற்ற இடங்களிலும் ரத்தக் குழாய்கள் அழன்றுகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அது உயிருக்கே ஆபத்து. அதனால்தான் அதிக அளவு ஸ்டீராய்டு, கூடவே சைக்ளோபாஸ்பமைடு, ரிடக்சிமாப் போன்ற வலுவான மருந்துகள் என்று உடம்பு முழுவதற்குமான வைத்தியத்தைத் தொடங்குகிறார்கள். துளை சிறியதென்றால் மருத்துவப் பசை வைத்து அடைப்பார்கள், பெரியதென்றால் ஒட்டு போடுவார்கள். நோய் அடங்காவிட்டால் ஒட்டுப் போட்ட படலமும் கரையும்.

இன்னொன்றும் உண்டு. வறட்சி நீண்ட நாள் இருந்தால் கருவிழியின் உணர்வு நரம்புகள் மந்தமாகிவிடும். “இப்போ உறுத்தலே இல்லை, நல்லா இருக்கேன்” என்று சொல்பவரின் கண்ணில் சாயம் விட்டுப் பார்த்தால் மேல்தோல் முழுக்கப் பொத்தல் பொத்தலாக இருப்பது உண்டு. உறுத்தலை மட்டும் வைத்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இமைக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் வைக்கும் ஷிர்மர் டெஸ்டில் ஈரம் 5 மில்லிமீட்டரையே தாண்டவில்லை என்றால், கண்ணீர் உண்மையிலேயே சுரக்கவில்லை என்று பொருள். அந்த எண்ணையும் சாயப் பரிசோதனையின் முடிவையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் ஒப்பீடு முழுக்க அந்த இரண்டைச் சார்ந்தது.

சொட்டு மருந்துகளுக்குள்ளேயே பெரிய வித்தியாசம்

கண்ணீருக்குப் பதிலாக விடும் சொட்டுகளில் எந்தக் கம்பெனி, எந்தப் பெயர் என்று அலைவதில் பெரிய லாபம் இல்லை. கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் ஆனாலும் ஹயலுரோனேட் ஆனாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். எந்தக் கண்ணுக்கு எது இதமாக இருக்கிறது என்பது விட்டுப் பார்த்தால் தெரியும். உண்மையான வித்தியாசம் பிரிசர்வேட்டிவ் இருக்கிறதா இல்லையா என்பதில் இருக்கிறது. பாட்டில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு, கருவிழியின் மேல்தோலையும் அரிக்கும். சாதாரண ஆட்கள் நாளைக்கு இரண்டு தடவை விட்டால் கண்ணீரே அதைக் கழுவிவிடும். கண்ணீர் இல்லாதவர் எட்டுத் தடவை விட்டால் அந்த வேதிப்பொருள் அங்கேயே தங்கும். நாளைக்கு நாலைந்து தடவைக்கு மேல் விட வேண்டியிருந்தால் பிரிசர்வேட்டிவ் இல்லாததுதான் சரி. விலை கூடுதல் என்பது உண்மை. ஆனால் மலிவான சொட்டை அதிகமாக விட்டுப் புண்ணைப் பெரிதாக்குவதைவிட, வேறு செலவைக் குறைத்தாவது இதை வாங்குவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

இங்கேதான் விரல்கள் குறுக்கே வருகின்றன. பிரிசர்வேட்டிவ் இல்லாத மருந்து இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று, ஒரு தடவைக்கான சின்னச் சின்னக் குப்பிகள். தலையைத் திருகிப் பிய்க்க வேண்டும். மற்றது, காற்றும் கிருமியும் உள்ளே போகாதபடி தனி வால்வு வைத்த பாட்டில். அதை அழுத்த சாதாரணப் பாட்டிலைவிட அதிகப் பலம் வேண்டும். மடங்கிப்போன விரல்களுக்கு இரண்டுமே சோதனை. பெரியம்மாவின் வீட்டில் காலையில் பேத்தி பள்ளிக்கூடம் கிளம்புமுன் குப்பியைப் பிய்த்துக் கொடுப்பாள், மத்தியானம் யாரும் இல்லாததால் அந்த வேளைச் சொட்டு விட்டுப்போகும். “பாட்டிலோட மல்லுக்கட்ட முடியலடா” என்று அவர் சொன்ன பிறகுதான், சீட்டில் ஆறு வேளை என்று எழுதியிருந்தும் கண்ணுக்குள் போனது மூன்று வேளைதான் என்று எங்களுக்குப் புரிந்தது. மருந்து வேலை செய்யவில்லை என்று அடுத்த மருந்துக்குப் போகுமுன், மருந்து கண்ணுக்குள் போகிறதா என்று வீட்டில் இருப்பவர்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்த உதவும் பிடிகள் கிடைக்கின்றன. இரவில் ஜெல்லோ ஆயின்ட்மென்ட்டோ வைத்தால் ராத்திரி முழுக்க ஈரம் நிற்கும். பார்வை கொஞ்ச நேரம் மங்கும் என்பதால் படுக்கும்போது மட்டும்.

விளக்கெண்ணெய், பன்னீர், தாய்ப்பால், தேன் என்று வீட்டு வைத்தியம் சொல்லாத தெருவே இங்கே இல்லை. மேல்தோல் ஏற்கெனவே பொத்தலாக இருக்கும் கண்ணில் கிருமி நீக்காத எதையும் விடக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஸ்டீராய்டா, சைக்ளோஸ்போரினா

சொட்டு நீர் மட்டும் விட்டுக்கொண்டிருந்தால் அழற்சி அப்படியே இருக்கும். அதைத் தணிக்க இரண்டு முக்கிய வழிகள்.

ஸ்டீராய்டு சொட்டு இரண்டே நாளில் சிவப்பை எடுத்துவிடும். அதுதான் அதன் ஆபத்தும். நன்றாக இருக்கிறதே என்று சீட்டு இல்லாமல் திரும்பத் திரும்ப வாங்கி விடுபவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் விட்டால் கண்ணுக்குள் பிரஷர் ஏறும், கண்புரை சீக்கிரம் வரும். மதுரைப் பக்கம் இதோடு இன்னொரு பயமும் சேர்கிறது. 1996-ல் வெளியான ஆய்வு ஒன்று, மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. இங்கே அந்தப் புண்களில் பெரும்பங்கு பூஞ்சையால் வருகிறது. நெல் தாள், வைக்கோல், கரும்புச் சோகை கண்ணில் குத்தினால் அந்த வழியாகப் பூஞ்சை உள்ளே போகும். வறண்ட கண்ணில் கிருமி நுழைய வாசல் ஏற்கெனவே திறந்து கிடக்கிறது. பூஞ்சை இருக்கும் கண்ணில் ஸ்டீராய்டு விடுவது கண்ணையே பறிகொடுக்க வைக்கும். அதனால் ஸ்டீராய்டு என்றால், கண்ணைப் பார்த்த டாக்டர், குறித்த நாட்களுக்கு, பிரஷர் பார்த்துக்கொண்டு தர வேண்டும். மீந்த பாட்டிலை அலமாரியில் வைக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். மூட்டுவாதத்தில் கருவிழி ஓரம் மெலிய ஆரம்பித்திருந்தால், ஸ்டீராய்டு சொட்டு ஆறுவதையே தடுக்கும் என்பதால் டாக்டர்களே அதைத் தயங்கித்தான் தொடுவார்கள்.

எதிர்ப்புச் சக்தியின் வேகத்தை அடக்கும் சொட்டு மருந்தான சைக்ளோஸ்போரின் இதற்கு நேர் எதிர்க் குணம் கொண்டது. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும், சிலருக்கு ஆறு மாதம். முதல் சில வாரம் விட்டவுடன் எரியும். ஆனால் பிரஷரையும் புரையையும் கிளப்பாது, வருஷக்கணக்கில் விடலாம். வழக்கமான 0.05 சதவீத மருந்துக்கு நாளைக்கு இரண்டு வேளை போதும், விரலுக்கும் அவ்வளவு வேலை இல்லை. அமெரிக்காவில் இது 2002-ன் கடைசியில் கண் வறட்சிக்காக அனுமதி பெற்றது. இப்போது நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. எரிகிறது, பலனில்லை என்று இரண்டாவது வாரத்திலேயே நிறுத்துபவர்கள்தான் அதிகம். அவர்களுக்காகவே சில டாக்டர்கள் ஆரம்பத்தில் கொஞ்ச நாள் ஸ்டீராய்டும் சேர்த்துத் தந்து, எரிச்சல் அடங்கியதும் அதை நிறுத்துகிறார்கள். ஆட்டோஇம்யூன் வறட்சிக்கு இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் சைக்ளோஸ்போரின் பக்கம். பொறுமை வேண்டும் என்பதை முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும்.

டைக்ளோபினாக், கெட்டோரோலாக் போன்ற வலிநிவாரணிச் சொட்டுகள் இந்தப் பட்டியலிலேயே வரக் கூடாது. வறண்ட, மூட்டுவாதக் கண்ணில் இவை கருவிழியைக் கரையவிட்ட சம்பவங்கள் மருத்துவ உலகில் பதிவாகியிருக்கின்றன.

கண்ணீர் வடியும் வழியை அடைப்பது

ஒவ்வோர் இமையின் மூக்கோரத்திலும் ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கிறது. கண்ணீர் அதன் வழியாகத்தான் மூக்குக்குள் இறங்குகிறது. அதில் ஒரு சின்ன அடைப்பானை வைத்துவிட்டால் இருக்கிற கண்ணீர் கண்ணிலேயே தங்கும். கிணற்றில் ஊற்று குறைந்த காலத்தில் வாய்க்கால் மடையை அடைத்து வைப்பது போலத்தான். முதலில் சில நாட்களில் தானே கரைந்துவிடும் கொலாஜன் அடைப்பானை வைத்துப் பார்ப்பார்கள். ஒத்துவந்தால் சிலிகான். அதுவும் அடிக்கடி விழுந்துவிடுகிறது, ஆனால் பலன் இருக்கிறது என்றால் அந்த ஓட்டையைச் சூடு வைத்து நிரந்தரமாக மூடுவதும் உண்டு.

எனக்கு இது பிடித்திருப்பதற்குக் காரணம் எளிது. ஓ.பி.யிலேயே சில நிமிடத்தில் முடிகிறது. அதற்குப் பிறகு நோயாளி எதையும் திருக வேண்டாம், அழுத்த வேண்டாம், யாரையும் கூப்பிட வேண்டாம். உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கும் பாட்டிக்கு, பேரன் வந்தால்தான் சொட்டு விட முடியும் என்ற நிலையில், பலவகைச் சொட்டு மருந்துகளைவிட இது அதிகம் செய்யும். சொட்டு விடுவதை முழுக்க நிறுத்த முடியாது, ஆனால் எண்ணிக்கை குறையும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அழற்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது அடைத்தால், அழற்சிப் பொருட்கள் கலந்த கண்ணீரும் சேர்ந்து கண்ணிலேயே தேங்கும். முதலில் தணித்துவிட்டு அப்புறம் அடைப்பதே முறை. இமையோரக் கொழுப்புச் சுரப்பிகள் அடைபட்டு வரும் வறட்சி என்றால் வெந்நீர் ஒத்தடம்தான் முதலில். பல மூட்டுவாதக்காரர்களுக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

சீரம் சொட்டு, ஸ்கிளீரல் லென்ஸ்

இவை இரண்டும் அடுத்த படி. சாயப் பரிசோதனையில் புண் குறையவே இல்லை, மேல்தோல் ஆறாமல் உரிந்துகொண்டே இருக்கிறது என்றால்தான் இவற்றைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சீரம் சொட்டு என்பது நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து எடுப்பது. ரத்தத்தை உறையவிட்டுச் சுழற்றிப் பிரித்த தெளிந்த நீரை, பெரும்பாலும் 20 சதவீத அளவுக்கு சலைனில் கலந்து தருகிறார்கள். வைட்டமின் ஏ, புண்ணை ஆற்றும் வளர்ச்சிப் புரதங்கள் என்று உண்மையான கண்ணீரில் இருக்கும் பல பொருட்கள் இதில் இருக்கின்றன. எந்தக் கம்பெனி மருந்தும் இதற்கு ஈடில்லை. ஆறாத புண்ணுக்கு நல்ல தேர்வு. சிக்கல் எங்கே என்றால், பிரிசர்வேட்டிவ் இல்லாததால் ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். மேலூரிலிருந்து மதுரைக்கு வந்து வாங்கிப் போகிறவர் ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டுபோக வேண்டும். கரண்ட் நீண்ட நேரம் போகும் ஊரில், மே மாதத்தில், அந்தப் பாட்டில் கிருமி வளரும் இடமாகிவிடும். வீட்டில் ஃபிரிட்ஜும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இல்லாவிட்டால் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரத்தசோகை உள்ளவர்கள் திரும்பத் திரும்ப ரத்தம் கொடுப்பதையும் டாக்டரிடம் பேசிக்கொள்ள வேண்டும்.

ஸ்கிளீரல் லென்ஸ் சாதாரண கான்டாக்ட் லென்ஸைவிடப் பெரியது. கருவிழியைத் தொடாமல் வெள்ளைவிழியில் உட்காரும். நடுவில் சலைன் நிறைந்திருக்கும், அதனால் கருவிழி நாள் முழுக்கத் தண்ணீரிலேயே ஊறும். கடுமையான வறட்சியில் உறுத்தலும் போகும், பார்வையும் தெளியும். வேறு எதுவும் இவ்வளவு நிம்மதி தருவதில்லை. ஆனால் செலவு அதிகம். தினமும் காலையில் சலைன் நிரப்பிக் கவிழாமல் வைக்க வேண்டும், ராத்திரி சின்ன ரப்பர் உறிஞ்சியால் எடுக்க வேண்டும். விரல் வளையாதவருக்கு வீட்டில் உதவி இருந்தால்தான் இது நடக்கும். இளவயதில் ஷோக்ரன் வந்து, கை நன்றாக இருந்து, வேலைக்குப் போகிறவர் என்றால் நான் சீரத்துக்கு முன்பே லென்ஸைப் பற்றிக் கேட்கச் சொல்வேன். வயதான மூட்டுவாதக்காரருக்கு அடைப்பானும் சைக்ளோஸ்போரினும்தான் நடைமுறைக்கு உகந்தது.

மூட்டு டாக்டருக்குத் தெரிய வேண்டியது

கண்ணை மட்டும் தனியாகக் குணமாக்கிவிட முடியாது. மூட்டில் நோய் அடங்கியிருந்தால் கருவிழி கரையும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. வலி இல்லை என்று மூட்டு நோயை அடக்கும் மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவிட்டு, சொட்டு மருந்தில் மட்டும் கவனம் செலுத்துவது மோசமான தேர்வு. ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின் மூட்டுக்கும் தோலுக்கும் உதவும். கண் வறட்சிக்கு அதனால் பெரிய பலன் இல்லை. அதைச் சாப்பிடுபவர்கள் விழித்திரைக்காகத் தனிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அது வறட்சிப் பரிசோதனை ஆகாது. சளிக்குத் தரும் செட்டிரிசின், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் போன்றவை கண்ணீரை இன்னும் குறைக்கும் என்பதால், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் இரண்டு டாக்டரிடமும் காட்டுங்கள். ஷோக்ரன் என்றால் கன்னத்தின் கீழ் எச்சில் சுரப்பி வீங்கி அப்படியே நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அரிதாக அது நிணநீர்ப் புற்றின் அடையாளமாக இருக்கலாம்.

மூட்டுவாதமும் கண் வைத்தியமும் மதுரையில் ஒரே மனிதரிடம் சந்தித்த வரலாறு ஒன்று உண்டு. 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமிக்கு இளவயதிலேயே ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் வந்து விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கி அவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைசிகிச்சைகள் செய்தார். அவர் ஊர்க்காரர்களான நாம், சொட்டு மருந்துப் பாட்டிலைப் பிடிக்க முடியவில்லை என்று டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. சொன்னால்தான் அவருக்கு எந்த வைத்தியம் எழுதுவது என்று தெரியும்.

கடைசியாகக் கண்புரை ஆபரேஷன். மூட்டுவாதக்காரர்களுக்கு ஸ்டீராய்டு காரணமாகவும் வயது காரணமாகவும் புரை வரும், முகாமில் தேதியும் கொடுத்துவிடுவார்கள். இப்போதே செய்வதா, தள்ளிப்போடுவதா என்று கேட்டால், கண் வறண்டு புண்ணாக இருக்கும்வரை தள்ளிப்போடுவதுதான் நல்லது. வறண்ட கண்ணில் லென்ஸ் பவர் அளவே தப்பாக வரும், நோய் அடங்காத கண்ணில் ஆபரேஷன் செய்த இடமே கரையலாம். முதலில் மூட்டு நோய் அடங்க வேண்டும், அடைப்பானோ சைக்ளோஸ்போரினோ கொடுத்துக் கண்ணின் மேல்தோல் ஆற வேண்டும், அப்புறம் தேதி வாங்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகு வழக்கமாக எழுதும் சொட்டுகளில் வலிநிவாரணிச் சொட்டும் இருக்கும். ஆர்த்ரைட்டிஸ் இருக்கிறது, கண் வறண்டிருக்கிறது என்று அட்மிஷன் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.